வால்பாறையில் வேலை செய்கிறவர் எங்கே குடியிருப்பது? நகராட்சி முன்னால் இருக்கும் வழிகளில் எது தேறும்

கோயமுத்தூர் மாவட்டத்துத் தேயிலை மலை ஊரான வால்பாறையில் ஜனம் குறைந்திருக்கிறது, ஆனால் டவுனுக்குள் ஒரு வாடகை வீடு தேடிப் போனால் கிடைப்பது பெரும்பாடு. ஒரே ஊரில் இந்த இரண்டும் எப்படி நடக்கும் என்று கீழே இருப்பவர்கள் கேட்பார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் சுமார் 95,000 பேர் இருந்தார்கள், 2011-ல் அது சுமார் 71,000. பத்து வருடத்தில் நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. திருப்பூர், கோயமுத்தூர், பொள்ளாச்சி என்று இறங்கிப் போனவர்கள் காலி செய்தது எஸ்டேட் லைன் வீடுகளை, அதாவது தொழிலாளிகளுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளை. இப்போது வீடு தேடுகிறவர்களுக்கு வேலை இருப்பது டவுனில், மெயின் ரோட்டை ஒட்டி. அங்கே இருக்கும் நிலமே கொஞ்சம், சுற்றிலும் தேயிலை, அதைத் தாண்டினால் ஆனைமலை புலிகள் காப்பகம். அந்தக் கொஞ்ச இடத்திலும் மாடி வீடு வைத்திருப்பவர் மாத வாடகைக்கு விடுவதா, சனி ஞாயிறு வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு ஹோம்ஸ்டேயாக விடுவதா என்று கணக்குப் போட்டால், இரண்டாவதுதான் காசு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்படியானால் அந்த ஹோம்ஸ்டேயில் போர்வை துவைக்கிற அக்கா, ஓட்டலில் பரோட்டா போடுகிற மாஸ்டர், கூழாங்கல் ஆற்றுக்கும் நல்லமுடி பூஞ்சோலைக்கும் வண்டி ஓட்டுகிற பையன், காலையில் ஐந்து மணிக்குக் குப்பை அள்ள வர வேண்டிய தூய்மைப் பணியாளர், அரசு மருத்துவமனை நர்ஸ், பள்ளிக்கூட டீச்சர், இவர்களெல்லாம் எங்கே இருப்பது? பொள்ளாச்சியில் இருந்து 64 கிலோமீட்டர், அதில் ஆழியாறுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவு. தினமும் ஏறி இறங்குகிற அரசு ஊழியர்கள் உண்டு, அவர்களுடைய முதுகைக் கேட்டால் தெரியும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கே பையைத் தூக்குகிற டீச்சரால் மாலையில் ஒரு ஸ்பெஷல் கிளாஸ் எடுக்க முடியாது. அதனால் இதை ஏதோ லாட்ஜ் முதலாளிகளின் ஆள் பற்றாக்குறை என்று மட்டும் பார்க்கக்கூடாது, ஊர் நடப்பதற்கே ஆள் வேண்டும்.

வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன்னால் நான் எந்தத் தராசில் நிறுக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் லைன் வீட்டில் வளர்ந்தவன். அம்மா கொழுந்து பறித்தார். 58 வயதில் ஓய்வு கொடுத்தபோது, வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள், வேறு வீடு வாங்க வேண்டுமென்றால் அந்தக் கிராஜுவிட்டிதான் வேண்டும். இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை, மலையில் பாதிக் குடும்பங்களுக்கு இந்தக் கதை தெரியும். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட் முதலாளிதான் வீடு தர வேண்டும் என்று சொன்னது, அது நல்ல சட்டம்தான், அந்தக் காலத்தில் காட்டுக்குள் வேறு யார் வீடு கட்டிக் கொடுத்திருப்பார்கள்? ஆனால் அதனாலேயே வேலையும் வீடும் ஒரே கையில் போய்விட்டது. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் 2024-ல் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். குத்தகை 2028-ல் முடிகிறது என்று கம்பெனி விருப்ப ஓய்வு அறிவித்தது, நாலு தலைமுறையாக இருந்தவர்களுக்கு வேலை போன கையோடு கூரையும் போகிற நிலை வந்தது. அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, அந்த ஆள் நாளைக்கு வேலையை விட்டால் அன்றைக்கே வீட்டையும் விட வேண்டுமா என்பதைத்தான். மற்றதெல்லாம், அதாவது பணம், காலம், யானை, மண்சரிவு எல்லாம், அதற்கு அப்புறம்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உள்ளது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கொலராடோ மலைப்பகுதியில் பனிச்சறுக்கு ஊர்கள் இருக்கின்றன: வேல், ஆஸ்பென், பிரெக்கன்ரிட்ஜ், ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ். அங்கேயும் ஊரைச் சுற்றி அரசுக் காடு, நடுவில் கொஞ்சம் நிலம், வசதியானவர்களின் விடுமுறை வீடுகள், வேலைக்கு வருகிறவர் மட்டும் தொலைவில் இருந்து பனியில் வண்டி ஓட்டி வர வேண்டும். நாற்பது ஐம்பது வருடமாக அந்த ஊராட்சி மன்றங்கள் இதோடு மல்லுக்கட்டுகின்றன, சில விஷயம் பலித்தது, சில விஷயம் பலிக்கவில்லை. அவர்களிடம் இருக்கும் பணம் நம் நகராட்சியிடம் இல்லை, ஆனால் செய்து பார்த்ததைத் தெரிந்துகொள்ளக் காசு வேண்டாம்.

முதலில் எல்லோர் வாயிலும் வருவது, அரசு அடுக்குமாடி கட்டிக் கொடுக்கட்டும் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது, அரசின் வீட்டு வாரியம் கட்டினால் வேலை போனாலும் வீடு போகாது, என் முதல் கேள்வியில் தேறிவிடும். ஆனால் எங்கே கட்டுவது? நகராட்சி எல்லை 200 சதுர கிலோமீட்டருக்கு மேல், பெரிய ஊர்தான், ஆனால் அதில் பெரும்பகுதி எஸ்டேட் நிலம். வார்டுகள் பலவும் எஸ்டேட்டுக்குள்ளேயே இருக்கின்றன, கவுன்சிலர் இருப்பார், ஓட்டு இருக்கும், நகராட்சி கையில் நிலம் மட்டும் இருக்காது. எஸ்டேட் நிலத்தைக் கேட்கலாமே என்றால், தோட்டமாக இருப்பதால்தான் 1961 நில உச்சவரம்புச் சட்டத்தில் அதற்கு விலக்கு, வேறு உபயோகத்துக்கு மாற்ற அரசு அனுமதி வேண்டும், அதற்கு மேல் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் சொந்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்றால் பட்டா கேட்கிறார்கள், லைன் வீட்டில் பிறந்தவனுக்குப் பட்டா எங்கிருந்து வரும்? கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள், ஆனால் அது கிராம ஊராட்சிகளுக்கு. வால்பாறை நகராட்சி என்பதால் அந்தக் கதவும் இல்லை. காட்டுக்கு நடுவில் இருக்கிற எஸ்டேட் வார்டைக் காகிதத்தில் நகரம் என்று வைத்திருப்பதால் இந்த மக்கள் இழப்பது கொஞ்சநஞ்சம் இல்லை. இது தனியாக ஒரு சண்டை, இங்கே அதற்குள் போகவில்லை.

கட்டுகிற வேலையும் இந்த மலையில் லேசில்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை கான்கிரீட் போட முடியாது, நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று என்று பேர் வாங்கிய சின்னக்கல்லாறு பக்கத்தில்தான் இருக்கிறது. 2024 ஜூலைக் கடைசியில் சோலையாறு அணைப் பகுதியில் வீட்டின் மேல் மண் சரிந்து பாட்டியும் பேத்தியும் இறந்தார்கள். சரிவை வெட்டி நாலு மாடி எழுப்புவது என்றால் அந்த வீட்டை நினைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். இதையெல்லாம் தாண்டி இடம் கிடைத்தாலும் அது டவுனை விட்டுத் தள்ளித்தான் கிடைக்கும். கோயமுத்தூரில் நகரத்துக்குள் இருந்து கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்டவர்கள் வேலைக்கு வர பஸ்ஸுக்கு எவ்வளவு அலைந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். வீடு ஓர் இடத்தில் வேலை ஓர் இடத்தில் என்றால் பாதி வீடுதான் கொடுத்த மாதிரி.

ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2021-ல் பெயர் சொல்லாத ஒரு கொடையாளர் கொடுத்த பணத்தில் அங்கே உள்ள வீட்டுவசதி அமைப்பு ஊருக்கு மேற்கே 534 ஏக்கர் பண்ணை நிலத்தை வாங்கியது. 2,264 வீடுகள் வரை கட்டத் திட்டம் போட்டார்கள். நிலம் இலவசம், நோக்கம் நல்லது. மூன்று வருடம் திட்டம், கூட்டம், பேச்சுவார்த்தை என்று ஓடியது, கடைசியில் 2024 மார்ச்சில் அந்த இடத்தை ஊர் எல்லைக்குள் சேர்ப்பதற்கு நடந்த வாக்கெடுப்பில் ஊர்மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீருக்கும் ரோட்டுக்கும் யார் காசு கொடுப்பது என்ற பயம் அவர்களுக்கு. நிலம் கையில் இருந்தே இந்தக் கதி என்றால் நிலமே இல்லாத நாம் பெரிய கட்டடத்தை முதல் படியாக வைத்துக்கொண்டு உட்காரக்கூடாது. கட்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாக வந்து வேலை பார்க்கும் நர்ஸ், டீச்சர், ஆபீஸ் பெண்களுக்கு அரசின் தோழி விடுதி மாதிரி ஒன்று, டவுனுக்குள்ளேயே, சின்னதாக, நகராட்சிக்கோ வேறு துறைக்கோ ஏற்கெனவே சொந்தமான இடத்தில் வரலாம், வர வேண்டும்.

இரண்டாவது, லாட்ஜும் ரிசார்ட்டும் வைத்திருக்கிறவரே தன் ஆட்களுக்கு இடம் கொடுக்கட்டும் என்பது. நகராட்சிக்கு ஒரு பைசா செலவில்லை என்பதால் மன்றத்தில் இதற்குத்தான் கை அதிகம் தூக்குவார்கள். எனக்கு இதில்தான் பயம் அதிகம். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பெண் பிள்ளைகளை விடுதியில் வைத்து, மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகப் பணம் என்று சொல்லி, நடுவில் உடம்புக்கு முடியாமல் கிளம்பினால் கையை விரித்த மில்கள் எத்தனை என்று நம் ஊர்களில் கேட்டாலே தெரியும். விடுதி முதலாளி கையில் இருந்தால் ஓவர்டைமை மறுக்க முடியாது, சம்பளம் பற்றிப் பேச முடியாது, வெளியே போக நேரம் கேட்க வேண்டும். வால்பாறையில் இப்போதே சீசன் சமயத்தில் ரூம் பாய்களை எங்கே படுக்க வைக்கிறார்கள்? கிச்சனுக்குப் பின்னால், ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்தில், ஆறு பேருக்கு ஒரு கக்கூஸ். இதைச் சட்டமாக்கி ஊக்கத்தொகை வேறு கொடுத்தால் அதே ரூமுக்கு ஒரு போர்டு மாட்டுவார்கள்.

நன்றாகச் செய்த இடமும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், செலவு 706.5 கோடி. அங்கே கட்டடம் அரசு நிறுவனத்துடையது, கம்பெனி அதை எடுத்து நடத்துகிறது, அந்த வித்தியாசம் முக்கியம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு ஆளுக்குச் சுமார் 3.77 லட்சம் ஆகிறது, அதுவும் சமவெளியில், மொத்தமாகக் கட்டும்போது. மலைக்கு மணலும் கம்பியும் ஏற்றுகிற வாடகையைச் சேர்த்தால் நம் கணக்கு அதைத் தாண்டும். இந்த 3.77 லட்சத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேல் ஊரில் இதே வழியில் ஒரு பெரிய சண்டை வந்தது. அங்கே பனிச்சறுக்கு நடத்துகிற கம்பெனி தன் ஊழியர்களுக்காக ஊரின் கிழக்குப் பக்கச் சரிவில் வீடு கட்ட முன்வந்தது. அந்தச் சரிவு பெரிய கொம்புக் காட்டு ஆடுகள் குளிர்காலத்தில் மேய்கிற இடம். தொழிலாளிக்கு வீடா ஆட்டுக்கு மேய்ச்சலா என்று ஊரே இரண்டாகப் பிரிந்தது, கடைசியில் 2022-ல் நகர மன்றம் அந்த நிலத்தைக் கையகப்படுத்தத் தீர்மானம் போட்டது. நமக்கு ஆட்டுக்குப் பதில் யானை. இதைப் படிக்கும்போது எனக்கு நம் மலையில் யானை நடக்கிற ஆற்றோரச் சரிவுகள்தான் கண் முன்னால் வந்தன, அந்த மாதிரி இடத்தில்தான் நிலம் மலிவாகக் கிடைக்கும், ரிசார்ட்டுக்காரர் ஊழியர் குடியிருப்புக்கு என்று தேடிப் பிடிப்பதும் அதைத்தான்.

சரி, காலியாகக் கிடக்கிற லைன் வீடுகள்? இங்கேதான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. ஊருக்குள் வீடு இல்லை என்று ஒரு பக்கம் அழுகிறோம், இன்னொரு பக்கம் ஐந்து வீடு பத்து வீடு சேர்ந்த லைன்கள் ஓடு சரிந்து, கதவைக் கழற்றிக்கொண்டு போய், லாண்டானாப் புதர் மண்டிக் கிடக்கின்றன. சுவர் நிற்கிறது, கரண்ட் லைன் போயிருக்கிறது, தண்ணீர்க் குழாய் எப்போதோ வந்திருக்கிறது. புதிதாகச் சரிவை வெட்ட வேண்டாம், புதிதாக மலையிட அனுமதிக்கு அலைய வேண்டாம், மராமத்துத்தான். மனசு உடனே அங்கே போகிறது, போகாமல் எப்படி?

ஆனால் ஒவ்வொரு லைனும் ஒன்றில்லை. ரொட்டிக்கடை, அய்யர்பாடி மாதிரி மெயின் ரோட்டை ஒட்டி இருப்பது வேறு, முடீஸைத் தாண்டி, உருளிக்கல் பக்கம் உள்ளே உள்ளே போகிற டிவிஷன்களில் இருப்பது வேறு. ஓட்டலில் ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிக்கிற ஆள் எஸ்டேட் ரோட்டில் ரெண்டு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் அது வீடே இல்லை. யானை வரும், கரடி வரும், சிறுத்தை லைனுக்குப் பக்கத்துப் புதரிலேயே படுத்திருக்கும். 2025 ஜூனில் பச்சைமலை எஸ்டேட்டில் ஜார்க்கண்டில் இருந்து வேலைக்கு வந்த குடும்பத்தின் சின்னப் பெண் குழந்தையை வீட்டுக்குப் பக்கத்திலேயே சிறுத்தை தூக்கிப்போனது. நான்கில் ஒரு வீட்டில் மட்டும் ஆள் இருக்கும் லைனைச் சுற்றிப் புதர் தானாக வளரும், புதர் வளர்ந்தால் வெளிச்சம் போகும், அப்புறம் மிருகம் வரும். அதனால் லைன் வீட்டில் ஆளைக் குடிவைப்பதென்றால் ஒரு லைன் முழுவதையும் நிரப்ப வேண்டும், சுற்றிலும் புதர் வெட்டி விளக்குப் போட வேண்டும், ஒன்றிரண்டு குடும்பங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடக்கூடாது. யானை இருக்கும் இடத்தை எஸ்எம்எஸ்ஸிலும் சிவப்பு விளக்கிலும் முன்கூட்டியே தெரிவிக்கும் ஏற்பாட்டை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆட்கள் வனத்துறையோடு சேர்ந்து இந்த மலையில் பல வருடமாக நடத்துகிறார்கள். எந்த லைன் யானை வழியில் இருக்கிறது, எது இல்லை என்று அவர்களிடமும் வனத்துறையிடமும் கேட்டுப் பட்டியல் போடுவது நகராட்சிக்குப் பெரிய வேலை இல்லை.

அடுத்தது, சாவி யார் கையில்? எஸ்டேட் நேரடியாக வாடகைக்கு விட்டால் நாம் பழைய இடத்துக்கே போய்விடுகிறோம், முதலாளி பெயர் மட்டும் மாறும். எஸ்டேட்டுக்கும் பயம் இருக்கிறது, வெளியாளை உள்ளே விட்டால் நாளைக்குக் காலி பண்ண மாட்டான், நிலத்தில் உரிமை கேட்பான் என்று. நியாயமான பயம்தான். இரண்டு பயத்துக்கும் ஒரே மருந்து நகராட்சி நடுவில் வருவது. எஸ்டேட்டிடம் இருந்து பத்து வருடக் குத்தகைக்கு நகராட்சி லைனை எடுத்து, மராமத்துச் செய்து, தானே வாடகைக்கு விட வேண்டும். குடியிருப்பவருக்கு ஒப்பந்தம் நகராட்சியோடு, எஸ்டேட்டோடும் இல்லை, ஓட்டல்காரரோடும் இல்லை. ஓய்வு பெற்ற எஸ்டேட் தொழிலாளிக்கும் இதில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும், முப்பது வருடம் இந்த மலையில் மழையில் நனைந்தவரைக் கீழே இறக்கி விட்டுவிட்டு அவர் காலி செய்த வீட்டில் வேறொருவரைக் குடிவைப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஹோம்ஸ்டேக்களுக்கு உச்சவரம்பு போடுவது இன்னொரு வழி. பிரெக்கன்ரிட்ஜ் 2021-ல் அப்படிச் செய்தது, குறுகிய கால வாடகை உரிமங்கள், ஒரு சில விலக்குகள் போக, 2,200-க்கு மேல் கூடாது என்று. ஸ்டீம்போட் 2022-ல் வாக்கெடுப்பு வைத்து அந்த வாடகைகளுக்கு 9 சதவீத வரி போட்டு அதை வீட்டுவசதிக்கு ஒதுக்கியது. நம் நகராட்சிக்கு அந்த மாதிரி வரி போடும் அதிகாரம் கிடையாது, 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது ஓட்டல் மீதான சொகுசு வரி அதற்குள் போய்விட்டது. சொத்து வரியை வணிகக் கட்டண விகிதத்தில் வாங்குவது, அனுமதி இல்லாமல் நடப்பதை நிறுத்துவது, இவ்வளவுதான் கையில் இருக்கிறது. அதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும், வீட்டு வரி கட்டிக்கொண்டு லாட்ஜ் நடத்துவதை விட்டுவைப்பது மாத வாடகைக்கு விடுகிறவருக்குச் செய்கிற அநியாயம். ஆனால் வரம்பு போட்டாலே பூட்டின வீடு வாடகைக்கு வந்துவிடும் என்று நம்ப முடியாது, கோயமுத்தூரில் இருக்கும் உரிமையாளர் வீட்டைச் சும்மா பூட்டி வைத்துவிட்டு மாதம் ஒரு முறை வந்து போவார். தவிர ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024-ல் வந்த இ-பாஸ், அதாவது வெளியூர்க்காரர்கள் வருவதற்கு முன்னால் இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதி, 2025 நவம்பரில் வால்பாறைக்கும் வந்துவிட்டது, சின்ன அளவில் ஹோம்ஸ்டே நடத்தும் உள்ளூர்க் குடும்பங்களுக்கு ஏற்கெனவே கலக்கம். அவர்களில் பலர் கிராஜுவிட்டிப் பணத்தைப் போட்டு மாடி கட்டினவர்கள். தடியை மட்டும் காட்டினால் மன்றத்தில் தீர்மானம் நிறைவேறாது.

வேல் செய்த காரியம் எனக்குப் பிடித்தது இதனால்தான். 2017-ல் அந்த நகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தது. வீட்டு உரிமையாளருக்கு நகராட்சி ஒரு தொகை கொடுக்கும், பதிலுக்கு அந்த வீட்டின் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை ஏறும்: இந்த வீட்டில் குடியிருப்பவர் அந்த மாவட்டத்தில் உள்ள ஏதாவது ஒரு தொழிலில் வாரம் சராசரி 30 மணி நேரமாவது வேலை செய்பவராக இருக்க வேண்டும். அவ்வளவுதான். யாரிடம் வேலை செய்கிறார் என்று கேட்பதில்லை, ஓட்டலை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் வீடு அப்படியே இருக்கும். புதிதாக ஒரு செங்கல் வைக்க வேண்டாம், ஒரு மரத்தை வெட்ட வேண்டாம், ஏற்கெனவே தண்ணீரும் கழிவுநீரும் போகிற டவுனுக்குள்ளேயே வீடு கிடைக்கிறது. வீட்டுவசதிக்காகவே 2021 வாக்கெடுப்பில் ஊர்மக்கள் விற்பனை வரியில் அரை சதவீதம் கூட்டிக்கொள்ளவும் ஒத்துக்கொண்டார்கள். ஆஸ்பென் இதை விடக் கடுமை, அங்கே 1970-களில் இருந்தே நடக்கும் திட்டத்தில் சுமார் 3,000 வீடுகள் இருக்கின்றன, வாங்கிய விலைக்கு மேல் எவ்வளவு ஏற்றி விற்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு. வேல் திட்டத்தில் விலைக்கு வரம்பு இல்லை, வேலை செய்கிறவர்தான் இருக்க வேண்டும் என்று வைத்துவிட்டால் அவரால் கொடுக்க முடிகிற அளவுக்கு வாடகை தானாக நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை, ஆறு பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்தால் ஒரு குடும்பத்தால் கொடுக்க முடியாத வாடகையை அவர்கள் கொடுத்துவிடுவார்கள். நமக்கு வாடகை வரம்பும் சேர்ந்து வேண்டும்.

இங்கே எப்படிச் செய்யலாம்? பத்திரத்தில் நிரந்தரமாக நிபந்தனை ஏற்ற நம் ஊரில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது வில்லங்கம் என்பார்கள். ஏழு வருட ஒப்பந்தம் போதும். உதாரணக் கணக்குக்கு ஒரு வீட்டுக்கு 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம், பாதி கையெழுத்தின்போது, மீதி ஏழு வருடத்தில் பிரித்து. 50 வீட்டுக்கு ஒன்றரைக் கோடி. வல்லம் வடகாலில் ஒரு ஆளுக்கு ஆன 3.77 லட்சத்தை விட இது குறைவு, இங்கே ஒரு வீட்டில் நாலு பேர் இருப்பார்கள். ஏழு வருடம் கழித்து நகராட்சிக்கு ஒரு கட்டடமும் மிஞ்சாதே என்று கேட்பார்கள், உண்மை, அது இந்த வழியின் பெரிய குறை. ஆனால் அந்த ஏழு வருடமும் முதல் மாதத்தில் இருந்தே ஆள் குடியிருப்பார், கட்டடம் என்றால் அந்த ஏழு வருடமும் அனுமதிக்கே போய்விடலாம்.

ஒப்பந்தம் வாய்ப்பேச்சாக இருக்கக்கூடாது. 2017-ல் கொண்டுவந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும், நம் ஊரில் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. நகராட்சிப் பணம் வாங்குகிற வீட்டுக்கு அதைக் கட்டாயமாக்கலாம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது, இரண்டு தரப்பும் வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் அதிலேயே இடம் இருப்பதால் பத்து மாத அட்வான்ஸ் நடக்கிறது. நம் ஒப்பந்தத்தில் அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். வேலை போனால் அடுத்த வேலை தேட ஆறு மாதம் வீட்டில் இருக்கலாம் என்று ஒரு வரி கண்டிப்பாக வேண்டும். அப்புறம், அசாமில் இருந்தும் ஜார்க்கண்டில் இருந்தும் வந்தவர்களுக்கும் இந்த வீடு உண்டு என்று பெயர் சொல்லியே எழுத வேண்டும், எழுதாமல் விட்டால் வீட்டுக்காரர் கொடுக்க மாட்டார், இது நமக்கு நன்றாகத் தெரியும்.

பஸ் விடுவது பற்றியும் ஒரு வார்த்தை. ரொட்டிக்கடை, முடீஸ், சோலையாறு பக்கம் இரவு பத்தரைக்கு ஒரு பஸ் போனாலே நூறு பேருக்கு வீட்டுப் பிரச்சினை பாதி குறையும். வேறு எந்த வழியை எடுத்தாலும் இதைச் சேர்த்துத்தான் செய்ய வேண்டும், தனியாக இது போதாது.

என் வரிசை இது: டவுனுக்குள் 50 வீட்டுக்கு ஒப்பந்தம் முதலில், அதோடு சேர்த்து ரோட்டோர லைன் வீடுகளில் ஒன்றோ இரண்டோ லைனை முழுசாக நகராட்சி குத்தகைக்கு எடுப்பது, பின்னால் தோழி விடுதி. லாட்ஜ்காரர்கள் ஆள் தங்க இடம் கொடுப்பதைத் தடுக்க வேண்டாம், ஆனால் அதற்கு நகராட்சிப் பணமோ வரிச் சலுகையோ தரக்கூடாது, சுகாதார ஆய்வாளர் வருடத்தில் சில முறை உள்ளே போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றரைக் கோடி நகராட்சியின் சொந்த வருமானத்தில் இருந்து எடுக்க முடியாது, அரசிடம் கேட்க வேண்டும், கேட்பதற்கு மன்றத் தீர்மானம் வேண்டும். இப்போதைய மன்றம் 2022 பிப்ரவரியில் தேர்வானது, ஐந்து வருடம்தான் காலம். வார்டு மக்கள் கூடிப் பேசுகிற ஏரியா சபைக் கூட்டத்தில் ரோடு, தெருவிளக்கு பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்து போகாமல் எஸ்டேட் வார்டுக்காரர்களும் டவுன் வார்டுக்காரர்களும் இதை எழுத்தில் கொடுத்தால் கவுன்சிலர்கள் மன்றத்தில் வைத்துத்தான் ஆக வேண்டும். ஏப்ரல், மே சீசனுக்கு வீட்டை ஹோம்ஸ்டேயாக மாற்றுவதா என்று உரிமையாளர்கள் முடிவு செய்வது பிப்ரவரி, மார்ச்சில், பெயின்ட் அடிக்கிறதும் கட்டில் வாங்குகிறதும் அப்போதுதான். ஒப்பந்த விண்ணப்பம் ஜனவரியிலேயே நகராட்சி ஆபீசில் கிடைக்க வேண்டும்.